மலர் ஞாயிறன்று கதவு பூட்டுவதில்லை

பனிட்சாவை முதலில் சாப்பிடுங்கள். ஆறிவிட்டால் மாவு தோல் மாதிரி இழுக்கும், உள்ளிருக்கும் பாலாடைக்கட்டியும் ருசி கெட்டுவிடும். நார்வேயிலிருந்து இவ்வளவு தூரம் என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வி எங்கே ஓடிப்போய்விடப் போகிறது?

என் அத்தை உங்கள் பேராசிரியர் சோல்வைக்கிடம் போனில் பேசியது எனக்குத் தெரியும். ட்ரியாவ்னாவில் இருக்கும் அத்தை வீடு வேல்கோவுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதானே உங்களுக்கு வேண்டும்? தாராளமாகச் சொல்கிறேன். ஆனால் எங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் ஊர் கப்ரோவோவில் ஆலைகள் மூடத் தொடங்கிய சமயத்தில்தான் சோல்வைக் வந்தார். நான் அதுவரை கல்லூரியில் கம்யூனிஸ்ட் கட்சி வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள். கட்சியும் போய், பாடமும் போய், அம்மாவின் தோட்டத்து மிளகாயை ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் என்னைக் கைதூக்கிவிட்டார். வேலை இழந்த பெண்கள் குடும்பத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்று ஒரு கூட்டாய்வு. நார்வேயில் ஒரு குழு, ருமேனியாவில் ஒரு குழு, இங்கே பல்கேரியாவில் நான். ஒவ்வொரு வசந்தத்திலும் அதே பெண்ணை, அதே வீட்டில், அதே கேள்விகளோடு சந்திக்க வேண்டும். ஆய்வின் உயிரே அதுதான். வீட்டை விட்டுப் போனவள் ஆய்வை விட்டும் போனவள்.

எங்கள் பெண்களோ கிரேக்கத்துக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொருத்தியாகக் குறையக் குறைய சோல்வைக்கின் குரலும் இறங்கியது.

"இன்னும் ஒருத்தி போனா பல்கேரியா அத்தியாயத்தையே எடுத்துட வேண்டியதுதான் ராலிட்சா. ருமேனியாவை மட்டும் வெச்சுப்போம். எனக்கும் மனசில்லம்மா."

மிக நல்ல மனுஷி. அந்த அத்தியாயம் நான் எழுதுவது. மிளகாய் ஊறுகாய்க்கும் எனக்கும் நடுவில் நின்றது அது ஒன்றுதான்.

தெமெனுகா எங்கள் ஆய்வின் செல்லப்பிள்ளை. நெசவாலையில் தறி ஓட்டியவள். அவள் புருஷன் வேல்கோ அதே ஆலையில் மெக்கானிக். வேலை போனதும் குடி வந்தது, குடி வந்ததும் அவள்மேல் கை நீண்டது. இரண்டாம் சுற்றுப் பேட்டியில் எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்தே சொன்னாள். சோல்வைக் அழுதார். அந்த ஒலிநாடாவைப் பல கருத்தரங்குகளில் போட்டுக் காட்டினோம். மூன்றாம் சுற்றில் இவளுக்கு என்ன ஆகிறது என்று எல்லா நாட்டிலும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பனிக்காலத்தின் கடைசியில் வீங்கிய தாடையும் ஒரு பையுமாக என் வாசலில் வந்து நின்றாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்து, நானே காரோட்டிக்கொண்டுபோய் ட்ரியாவ்னாவில் அத்தையிடம் விட்டேன். வேறு யாருக்கும் சொல்லவில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பார்க்கப் போனேன். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. அத்தையோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ராலி, ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் பஸ். தெசலோனிகியில ஒரு கிழவி கெடைச்சிருக்கா. நடக்க முடியாதாம், ஆனா நல்லா கத்துவாளாம். வேல்கோவுக்கு இவ தேவல. எழுந்து வந்து அடிக்க முடியாது பாரு."

"மூணாவது சுற்று மே மாசம் தெமெனுகா. அதுவரைக்கும் இருந்துட்டுப் போயேன்."

"எங்க இருக்கச் சொல்ற? அவன் வீட்லயா?"

"கேள்வியெல்லாம் அந்த வீட்டைப் பத்தித்தானே."

"அடிப்பாவி! அடி வாங்கினதை எழுதிக்கிட்டீங்க. ஓடினதையும் எழுதிக்கோங்களேன்."

"அதுக்குக் கேள்வித்தாள்ல எடமில்லடி."

அவள் சிரித்தாள், அத்தை சிரித்தாள், நானும் சிரித்தேன். இனிமையான பிற்பகல் அது.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு எங்களுக்கு மலர் ஞாயிறு. பூவின் பெயர் கொண்டவர்களுக்கெல்லாம் அன்று பெயர்த் திருநாள். தெமெனுகாவுக்கு, என் அத்தை மார்கரிட்டாவுக்கு, எனக்கும்கூடத்தான். அன்றைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருபவர்கள் பூவோடு வருவார்கள், கதவைத் தாழிடுவதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. அதற்கு முதல்நாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது வேல்கோ எதிரே வந்தான். முகச்சவரம் செய்து, தலைவாரி, பார்க்கவே பாவமாக இருந்தான்.

"தோழர் ராலிட்சா!"

"இப்பல்லாம் தோழர் கிடையாது வேல்கோ. மேடம்."

"என்னவோ ஒண்ணு. அவ எங்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். குடியை விட்டுட்டேன், சத்தியமா."

அவன் கோட்டுப் பையிலிருந்து புட்டியின் கழுத்து எட்டிப்பார்த்தது. நான் கவனிக்காதவள்போல் இருந்துவிட்டேன். ஒரு மனிதனைச் சந்தையில் வைத்து வெட்கப்படுத்தலாமா? தவிரவும் பிரிந்த குடும்பத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. என் தங்கையைப் புருஷனோடு சேர்த்து வைத்தவளே நான்தான்.

"நாளைக்கு என் அத்தைக்கும் பெயர்த் திருநாள். ட்ரியாவ்னாவில மணிக்கூண்டுக்குப் பின்னாடி, பச்சைக் கதவு. தனியா இருக்கறவ. பூவோட யார் போனாலும் சந்தோஷப்படுவா" என்றேன்.

அவ்வளவுதான். தெமெனுகா என்ற பெயர்கூட என் வாயிலிருந்து வரவில்லை.

அவன் போனான். கையில் ஊதாப்பூக் கொத்து. வீடு நிறைய அக்கம்பக்கத்தார். அத்தையின் கையை முத்தமிட்டான், எல்லோரோடும் கோப்பையை உயர்த்தினான், மனைவியின் காலடியில் மண்டியிட்டான். "போம்மா, மனுஷன் பூவோட வந்திருக்கான்" என்று கூடியிருந்தவர்களே சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் தெமெனுகா பையை எடுத்துக்கொண்டாள். புறப்படும்போது அத்தையிடம், "நான் இங்க இருக்கறது ராலிக்கு மட்டும்தானே தெரியும்?" என்று கேட்டாளாம். அத்தைக்கு அந்தக் கேள்வி அப்போது உறைக்கவில்லை.

மே மாதம் மூன்றாம் சுற்று அருமையாக அமைந்தது. கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். இந்த முறை சிரிக்கவில்லை. சோல்வைக் அவளுடைய மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடைசியாக, முறைப்படி, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"பஸ் போயிடுச்சு, ராலி" என்றாள்.

சோல்வைக் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.

ஆகஸ்டில் வேல்கோ மறுபடி அடித்தான். அந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. அவன் இப்போது சிறையில். இங்கே மரண அறிவிப்பைப் படத்தோடு ஊரெங்கும் ஒட்டுவோம். இந்த அடுக்கக வாசலில் அவளுடையது இன்னும் இருக்கிறது. நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் நான் எடுத்தது, இரண்டாம் சுற்றில். சிரித்தபடி எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள். எங்கள் ஆய்வுப் புத்தகத்தையும் அவளுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறோம். ஆலைத் தொழிலாளி ஒருத்திக்கு வேறு யார் அப்படிச் செய்வார்கள்?

ஆய்வு விதிகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஒருத்தி நாட்டை விட்டுப் போனால் அது களக்குழுவின் இழப்பு. இறந்துபோனால் இழப்பில் சேராது. பல்கேரியா அத்தியாயத்தில் ஒரு குறையும் இல்லை.

ஆமாம், நான்தான் அவனை அனுப்பினேன். புட்டி இருந்தது தெரியும், பஸ் என்றைக்கு என்பதும் தெரியும், மே மாதத்தில் அவள் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பூவோடு வருபவனை வாசலில் நிறுத்தக்கூடாது என்ற வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. பெண்களுக்கு எவ்வளவு ஆபத்தான வழக்கம், பாருங்கள். உங்கள் நாட்டில் யாராவது இதை ஆராய முன்வந்தால் சொல்லுங்கள். களப்பணிக்கு நான் இருக்கிறேன்.