சற்று முந்தி வந்த கோள்

எனக்கு வானத்தைப் பார்க்கிற பழக்கம் கிடையாது, சார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவனுக்குக் கீழே பார்க்கவே பொழுது போதாது. வானமெல்லாம் என் மனைவி எலினாவின் பாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினாள். காலையில் நானே காரில் கொண்டுபோய் விடுவேன். படிக்காதே, வேலைக்குப் போகாதே என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் ஆராய்ந்தது எங்கோ இருக்கிற ஒரு கோளை. வியாழனைப் போலப் பெரிய வாயுக் கோள். ஆனால் தன் சூரியனை ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. நமக்கு ஒரு நாள் போனால் அதற்கு ஒரு வருடமே முடிந்துவிடும். அந்தச் சூட்டில் இரும்புகூட ஆவியாகி அதன் காற்றில் கலந்திருக்குமாம். சூரியனுக்குக் குறுக்கே அது போகும்போது ஒளி லேசாக மங்கும். விண்வெளித் தொலைநோக்கி பதிவுசெய்த அந்த நேரங்களைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள்.

"அத்தான், அது வரவேண்டிய நேரத்துக்குச் செத்த முந்தியே வருது. சுத்துற பாதை சுருங்குது. என்னைக்காவது சூரியனுக்குள்ளேயே விழுந்துரும்" என்றாள். சோறு ஆறுகிறது என்பதே அவளுக்கு நினைவில்லை. எந்த எண் மாறினால் முடிவே மாறிவிடும் என்பதையும் அவளேதான் சொல்லிக்கொடுத்தாள். நல்ல ஆசிரியை, சார்.

அவள் கணக்கைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அழைத்தது. "ரெண்டு வருஷம்தான், அத்தான். போயிட்டு வாரேன்." போயிட்டு வா என்றேன். தடுத்தால் எங்கள் திருச்சபையில் என்னைத்தானே குறை சொல்வார்கள்?

அவள் குளிக்கப் போனபோது கணினியைத் திறந்து, அந்த நேரங்களைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி கணக்குப் போட்டாள். பாதை சுருங்கவில்லை. ராப்பகலாகப் போட்டுப் பார்த்தாள். மூலப் பதிவை மறுபடி இறக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால் மற்றதையெல்லாம் யாரும் சந்தேகிப்பதில்லை. தன் கணக்கு தவறு என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவளே எழுதினாள். அழைப்பு நின்றுபோனது. அன்றைக்கு அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான புதிதில்தான் அப்படிச் சாய்ந்திருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டிருந்தால் அடுத்த வருடம் வேறொரு கோள் கிடைத்திருக்கும்.

அவள் மூடிய கேஸ் அடுப்பைத் திறந்துவைத்தேன். "ஏட்டி, கேஸைத் தொறந்துபோட்டுட்டு எங்க போனே?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவள் ஓடிப்போய் மூடினாள். கைப்பையிலிருந்த சாவியை எடுத்து அரிசி வாளிக்குள் போட்டேன். நானே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, என் மனைவியின் புத்தித் தெளிவுக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவளும் கண்ணை மூடி ஆமென் சொன்னாள். மதுரை டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். கல்லூரிக்கு நீண்ட விடுப்பு போட்டாள். பொறவு காருக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவளோடு வேலை பார்த்த கார்த்திகாதான் சும்மா இருக்கவில்லை. மூலப் பதிவைத் தானே புதிதாக இறக்கிக் கணக்குப் போட்டிருக்கிறாள். எலினா முதலில் சொன்னதே சரி. சனிக்கிழமை மத்தியானம் அதை எலினாவிடம் போனில் சொன்னாள்.

நான் சாப்பிட வந்தபோது எலினா வாசலுக்கே ஓடிவந்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிப்பு. "அத்தான், எனக்குப் புத்தி பிசகல. கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு. எம்புட்டு நாளா என்னையே நான் திட்டிக்கிட்டேன் பாருங்க. திங்கக்கிழமை காலேசுக்குப் போறேன்."

அவள் முகத்தில் நோயே தெரியவில்லை. உட்கார் என்றேன். தேநீர் போட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரை வீட்டில் நிறைய இருந்தது. அவ்வளவையும் கலந்தேன். "கசக்குதே" என்றாள். சுக்கு போட்டிருக்கேன் என்றேன். குடித்தாள்; பேசிக்கொண்டே இருந்தாள்; பேச்சு குழறியபோது தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலம்தான் கொண்டுபோனேன்.

பாவம், புத்தி சரியில்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்து அழுதார்கள். கார்த்திகா மட்டும் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷமாகப் பேசியவள் அதே மத்தியானம் மாத்திரையை விழுங்குவாளா என்று கேட்டாளாம். நியாயமான கேள்விதான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார். கடைசி மூச்சுவரை அவள் கம்ப்யூட்டரைத்தான் சந்தேகப்பட்டாள், என்னை அல்ல. எங்கள் இல்லறம் அப்படிப்பட்டது.