செவப்புக்கண்ணு ஈ

...நான் கேக்கறேன், இத்தன பெரிய கட்டடத்துல ஈ புடிக்க என் ரூம்தானா கெடச்சுது? சட்டையில ராய்னு போட்டிருக்கு... சரி, ராய் அண்ணே, தாராளமா தேடுங்க. அந்த மருந்து பம்ப மட்டும் கீழ வெச்சிடுங்க. ஒருக்கா அடிச்சீங்கன்னா பாட்டில்ல இருக்கற என் ஈ அத்தனையும் காலி. கோட லீவு பூரா புள்ள மாதிரி வளத்திருக்கேன்.

சிரிக்காதீங்க. என்னப் பாத்தா ஆராய்ச்சி பண்றவன் மாதிரி இல்லதான். நான் ஹர்டில்ஸ் ஓடறவன், வழியில நிக்கற கட்டையத் தாண்டித் தாண்டி ஓடற பந்தயம். காலேஜ் டீம்ல... ம், டீம்ல இருக்கேன், அவ்ளோதான். தாண்டறதவிட தட்டி விடறதுதான் ஜாஸ்தி. தட்டி விட்டவனே எடுத்து நிறுத்தணும்னு எங்க கோச் டுப்ரீயோட சட்டம். மத்தவனெல்லாம் குளிச்சு வீட்டுக்குப் போயிருப்பான், நான் இன்னும் நிறுத்திக்கிட்டிருப்பேன்.

லீவுக்கு எல்லாவனும் ஊருக்குப் போயாச்சு. மெஸ்ஸும் மூடியாச்சு. இந்த அயோவா வெயில்ல சோளக்காடும் நானும்தான் பாக்கி. "வாடா எல்லிஸ், ஆராய்ச்சி பண்ணு"ன்னு எங்க பயாலஜி புரொபசர் லிண்ட்க்விஸ்ட் மேடம் கூப்ட்டாங்க. வேல என்னன்னா, வெள்ளக்கண்ணு பழ ஈய பாட்டில்ல வளத்து எண்ணணும். அதுல பாருங்க, போன மாசம் திடீர்னு செவப்புக்கண்ணு ஈ பொறக்குது. ஒண்ணு ரெண்டில்ல, கும்பலா. அப்பன் ஆத்தா வெள்ளக்கண்ணு, புள்ளைங்க செவப்பு. கண்டுபிடிப்புண்ணே.

மேடம் அப்பவே கேட்டாங்க, வெளிய சுத்தற ஈக்கெல்லாம் கண்ணு செவப்புதானே, அது ஏதாவது பூந்துடுச்சான்னு. சான்ஸே இல்லன்னு நெஞ்ச நிமித்திட்டேன். இப்ப கண்டுபிடிப்பப் பத்தி போஸ்டர் அடிச்சாச்சு, நாளைக்கு மேடையேறிப் பேசணும். ஓட்டத்துல ஒரு மேடையும் நான் ஏறினதில்ல. எங்கம்மா கடையப் பூட்டிட்டு நெப்ராஸ்காலேந்து கெளம்பி வந்துட்டிருக்காங்க. எதுக்கும் பாத்துடலாம்னு மேடம் உங்கள அனுப்பியிருக்காங்க, பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போங்களேன். கதவுலயே எழுதியிருக்கு, திங்கற பொருள் உள்ள வரக்கூடாதுன்னு. சூயிங்கம்மக்கூட வெளிய துப்பிட்டுத்தான் வருவேன்...

அது என் பைண்ணே. ஓடற ஷூவும் அழுக்கு சாக்ஸும்தான். அந்த நாத்தத்துக்கு ஈ செத்துதான் போகும். லாக்கர் கீழ் மாடியில இருக்கு. ஹர்டில் தாண்டறவனுக்குப் படி எறங்கத்தான் சோம்பேறித்தனம். அதான் பெஞ்சுக்கு அடியிலயே... வேணாம்ண்ணே, தெறக்காதீங்க.

தெறந்துட்டீங்க.

ஆமா. வாழப்பழம். ஓடி முடிச்ச ஒடனே ஒண்ணு சாப்டணும், அதுவும் கோச் சட்டம். பாதி நாள் மறந்துடுவேன், மறுநாள் புதுசா ஒண்ணு போட்டுக்குவேன். அடியில ஈ மொய்க்க கருப்பா கூழா இருக்கே... அது ஜூன் மாசத்துதுன்னு நெனைக்கிறேன்.

என்ன நீட்டறீங்க... பூதக்கண்ணாடியா? குடுங்க.

...செவப்பு. நல்ல செவப்பு. எல்லாத்துக்கும்.

அண்ணே, இதுங்க ரூம்ல சுத்திட்டிருந்தத நான் பாத்தேன். பாட்டில்லேந்து தப்பிச்சுடுச்சுங்க பாவம்னு நானே புடிச்சுப் புடிச்சு உள்ள விட்டேன். கண்ணப் பாக்கல. கண்ணப் பாக்கறதுதாண்ணே எனக்கு இங்க வேலையே.

எங்க கெளம்பிட்டீங்க, மேடம் ரூமுக்கா? இருங்க. பைய இப்படிக் குடுங்க. தட்டி விட்டவன் நான், நானே போய்ச் சொல்றேன். அம்மா பாதி வழி வந்திருப்பாங்க, திரும்பிப் போங்கன்னு சொல்ல முடியாது. வரட்டும். நாளைக்கு மேடையில இந்தப் பழத்தப் பத்தியே பேசிட்டு எறங்கறேன்.

ராய் அண்ணே... மேலாப்ல மஞ்சளா இருக்கே ஒண்ணு, அது இன்னிக்கி காலையில வெச்சது. அத மட்டும் எடுத்துக் குடுங்க. ஓடிட்டு வந்து இன்னும் சாப்டல.