நாடா தீரும்வரை

அந்தக் கேசட்டை முதலில் ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து வையுங்கள், ஆபீசர். வெயில் பட்டால் நாடா நெளிந்துவிடும். நீங்கள் அதைச் சாட்சிப் பொருள் என்கிறீர்கள். நெளிந்துபோன நாடா யாருக்கும் சாட்சி சொல்லாது.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. என் பெயர் டெல்பர்ட் ஹூயிட். வயது நாற்பத்தேழு. ஹாம்ட்ராமிக்கில் குடியிருக்கிறேன், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி இருபத்தைந்து வருடமாக நான் செய்துவருவது ஒன்றுதான். யாரும் கேட்டிராத இசைக்காரர்களைத் தேடிப் பிடிப்பது.

எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது புரியும். பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டின் நிலவறை, ஒழுகும் குழாய், இருபது பேர். சுவரொட்டியில் முகவரி இருக்காது, "தெரிந்தவரைக் கேட்கவும்" என்று போட்டிருக்கும். தெரிந்தவர்களும் அதே இருபது பேர்தான். இன்று வாசிப்பவன் நாளை கேட்பான், இன்று கேட்பவன் நாளை வாசிப்பான். ஒருவன் இரும்புத் தகட்டைச் சுரண்டுவான், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். நன்றாக இருந்தாலும் அதே தலையாட்டல்தான், வாசித்தவனுக்கு மின்சாரம் தாக்கினாலும் அதே தலையாட்டல்தான். பிறகு முப்பது பிரதி போட்ட கேசட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைகள் கற்பூரத்தைப் பற்றிக் கட்டுரையும் எழுதும்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த சட்டம் ஒன்று உண்டு. வாசிப்பு தொடங்கிவிட்டால் யாரும் குறுக்கே போகக் கூடாது. ஒயர் எரிந்தாலும் சரி, ஸ்பீக்கர் விழுந்தாலும் சரி. நடப்பது எல்லாம் இசை. பதிவு ஓடினால் நாடா தீரும்வரை ஓட வேண்டும், அதில் விழுந்ததை வெட்டக் கூடாது. வேறெந்த ஒழுக்கமும் இல்லாத அந்தக் கூட்டத்தில் இதை மட்டும் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள்.

வெர்னா ஷிமான்ஸ்கியை நான் கண்டெடுத்தது ஒரு சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில். போல்கா நடன கேசட்டுகள் நிறைந்த ஒரு பெட்டி. அதில் ஒன்றின் மேல் பேனாவால் "கராஜ், மார்ச், முழங்கால் வலி" என்று எழுதியிருந்தது. போட்டுக் கேட்டேன். போல்காவின் மேலேயே எதையோ பதிந்திருந்தார்கள். ஒரு ஸ்பிரிங் அழுவதும், அடியில் ஏதோ ஒன்று விடாமல் முனகுவதும், நடுவில் ஒரு பொம்பளை இருமுவதும். சமையலறையில் நின்றபடியே முழுதும் கேட்டேன். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சர்ச்சில் விசாரித்து, பெட்டியைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அறுபத்தோரு வயது, ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, கையில் பீட்ரூட் கறை.

"யாருடா நீ? கேஸ் கம்பெனியா?"

"இல்லீங்க. உங்க கேசட்டைக் கேட்டேன்."

"எந்தக் கேசட்டு? அந்தக் கருமத்தையா சர்ச்சுல கொண்டு போட்டேன்? ஐயோ, ஃபாதர் கேட்டிருக்கப் போறாரு."

முப்பத்தொரு வருடம் கார் பம்பருக்கு முலாம் பூசும் ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். அதனால் இஸ்திரி மேஜையில் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, வாழ்த்து அட்டைகளில் பாட்டுப் பாடும் சின்னத் தகட்டைப் பிய்த்து மைக்காக அவற்றில் ஒட்டி, வீட்டோடு ஒட்டிய கராஜில் உட்கார்ந்து தானே சத்தம் செய்துகொண்டார். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கதவு, ஜன்னல் இடுக்கெல்லாம் கம்பளி வைத்து அடைத்திருந்தார். குளிருக்கு ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஆலைப் புகையில் நுரையீரலைத் தொலைத்தவர்களைப் பார்த்தவர் என்பதால், ஃபேன் ஓடாமல் ஹீட்டரைப் பற்றவைக்க மாட்டார். நான் கேட்ட அந்த முனகல் அதுதான். ஃபேனின் ஸ்விட்ச் சமையலறைச் சுவரில் இருந்தது.

நான் அவரை வீடியோ எடுத்தேன். எனக்கு ஒரு சேனல் உண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். பிறகு நிலவறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்ற தாடிக்காரர்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏண்டா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? யாராவது ஒரு நாற்காலி போடுங்கடா, முழங்கால் வலிக்குது." அன்று அவர் இருபது நிமிடம் வாசித்தார். கொண்டுவந்த பியரோகிக் கொழுக்கட்டையைத் தட்டோடு சுற்றுக்கு விட்டார். போகும்போது எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். "டெல்பர்ட் கண்டுபிடிச்ச ஆளு" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடம் அப்படியே போனது. என் வாழ்க்கையில் நல்ல வருடங்கள் அவை.

பிறகு மாண்ட்ரியலிலிருந்து லூக் பெல்மார் வந்தான். அங்கே ஒரு விழா நடத்துகிறவன். நோகாமல் நுங்கு தின்கிற ஜாதி. படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு என் வீடியோவை அந்தப் போனே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. அவனும் கூச்சமில்லாமல் அதைச் சொன்னான்.

"சத்தியமா சொல்றேன் வெர்னாம்மா, அதுவா வந்துச்சு. நான் தேடவே இல்ல."

"தேடாம கிடைக்கிறது ரெண்டுதான். சளியும் மருமகனும்" என்றார் வெர்னா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிப்ரவரியில் மாண்ட்ரியல் என்று முடிவாயிற்று. எண்ணூறு பேர் உட்காரும் அரங்கம். வெர்னா பிறந்து வளர்ந்த தெருவை விட்டு அதிக தூரம் போனவரில்லை. முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தார். அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

ஜனவரியில் விழாவின் நிகழ்ச்சிநிரல் வந்தது. வழவழப்பான தாள். "லூக் பெல்மார் கண்டெடுத்த அற்புதம்" என்று வெர்னாவின் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பெயர் வைத்த கதை. நான் கோபப்படவில்லை. தாளை எடுத்துக்கொண்டு வெர்னாவிடம் போனேன்.

"இதைத் திருத்தச் சொல்லுங்க. உங்களைக் கண்டுபிடிச்சது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி அது. "நீ என்னடா கண்டுபிடிச்ச? அவன் என்ன கண்டுபிடிச்சான்? நான் எங்கடா தொலைஞ்சு போனேன்? அறுபத்துமூணு வருஷமா இதே தெருவுலதான இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். முட்டைக்கோஸ் சூப் கொடுத்தார், குடித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நிதானமாக யோசித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குப் போன எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். முதல் கேசட் நெருப்பாக இருக்கும். இரண்டாவதற்குள் நல்ல மைக் வாங்கிவிடுவார்கள். மூன்றாவதில் கிட்டார் வந்துவிடும், நாலாவதில் நன்றி சொல்லும் பட்டியல். எண்ணூறு பேர் கைதட்டினால் வெர்னாவும் அதற்குத் தகுந்த மாதிரி இருமக் கற்றுக்கொள்வார். அவரை அந்தக் கேவலத்துக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல ஊறுகாயை ஜாடியோடு மூடி வைக்கத் தெரிந்தவன் ஒருவனாவது வேண்டும்.

மாண்ட்ரியலுக்குப் போகும் முன் கராஜில் கடைசியாக ஒரு பதிவு செய்யலாம் என்று கேட்டேன். உடனே சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. கராஜில் கேசட் ரெக்கார்டர் ஓடும், போன் வழியாக நம்மவர்கள் நேரலையில் பார்ப்பார்கள், நான் சமையலறையில் கணினி முன்னால் உட்கார்ந்து கவனித்துக்கொள்வேன் என்று ஏற்பாடு. நேரலையைச் சேமித்து வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. மைக்கில் வெளிச்சத்தம் விழக் கூடாது என்று கதவிடுக்குகளில் இன்னும் இரண்டு கம்பளி வைத்தேன். கராஜில் ஒரு நச்சுவாயு அலாரம் இருந்தது. ஒரே ஒரு ஸ்வரம் தெரிந்த கருவி. அதன் பேட்டரியை வெள்ளிக்கிழமையே கழற்றியிருந்தேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அவர் ஃபேனைப் போடச் சொன்னார், போட்டேன். ஹீட்டரைப் பற்றவைத்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதில் ஸ்பிரிங்கின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது. தொடங்கினார். ஒன்பதாவது நிமிடத்தில் நான் எழுந்து சமையலறைச் சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தேன். ஒரு ஸ்விட்ச். அவ்வளவுதான் என் கைவேலை.

இருபது நிமிடத்துக்கு மேல் அவர் கை மெதுவாகிக்கொண்டே போனது. முப்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் அவர்கள் எழுதியதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இன்னைக்கு கெழவி வேற லெவல்." "எவ்வளவு பொறுமை பாருங்கடா." ஒருவன் இதயங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து இஸ்திரி மேஜையோடு விழுந்தபோது ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒன்றாகக் கத்தின. பதினொரு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். முப்பத்தொரு பேரில் ஒருவனுக்காவது போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றியிருக்கலாம். குறுக்கே போகக் கூடாதே. அவர்களை நான் எப்போதும் அற்பமாகத்தான் நினைத்து வந்திருக்கிறேன், ஆனாலும் அன்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் நாடா தீர்ந்து ரெக்கார்டரின் பொத்தான் டக்கென்று மேலே வந்தது. நேரலையை அணைத்தேன். ஃபேனைத் திரும்பப் போட்டேன். அது பிழை என்று இரண்டு நிமிடம் கழித்து உறைத்தது, மறுபடி அணைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கிழவி ஃபேனைப் போட மறந்துவிட்டாள் என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள். முலாம் ஆலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் மறப்பாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் அப்போது வரவில்லை.

ஏன் அந்தக் கேசட்டை எரித்துவிடவில்லை என்று கேட்டீர்கள். அதைக் கேட்டிருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் செய்ததிலேயே சிறந்தது அது. வெட்டாமல், ஒட்டாமல், நாற்பது பிரதி எடுத்தேன். ஒவ்வொன்றையும் முழுதாக ஓடவிட்டு எடுத்தேன். ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. சிகாகோவில் ஒரு மேதாவி அதைப் பற்றி ஆறு பத்தி எழுதினான். கருவியைத் துறக்கும் துணிச்சல் என்று அவர் விழுந்த இடத்தைப் புகழ்ந்திருந்தான். மூச்சின் இழையில் கட்டிய மௌனம் என்றும் ஒரு வரி. மூச்சு என்றவரை அவன் சொன்னது சரி.

பிடித்தது பக்கத்து வீட்டு நாசர். ஏமன்காரர், ஃபேனும் ஃபர்னஸும் பழுதுபார்க்கிறவர். எங்கள் இசையைக் குப்பை என்று நேருக்கு நேர் சொன்ன ஒரே மனிதர். வெர்னாவின் நினைவாக இருக்கட்டும் என்று ஒரு பிரதியை நானே கொடுத்தேன். மறுநாள் காலையில் என் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்த ஃபேன் நான் மாட்டினது. ஆறு வருஷமா சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அதோட சத்தத்தைக் கேட்டிருக்கேன். கேசட்டுல ஒன்பதாவது நிமிஷம் நின்னு போகுது."

"பழசாகி ரிப்பேர் ஆயிருக்கும் நாசர்."

"போய்ப் போட்டுப் பார்த்தேன். இன்னைக்கும் ஓடுது. அந்தம்மா கராஜுல உக்காந்து வாசிச்சிட்டு இருக்கு. ஸ்விட்ச் இருக்கிறது சமையல்கட்டுல. அங்க யாருய்யா இருந்தது?"

நாற்பது கேசட், ஒரே ஒரு காது. அதுவும் இசையை வெறுக்கிறவனின் காது. அவர் உங்களிடம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆமாம், ஆபீசர், சமையலறையில் இருந்தது நான்தான். வெர்னா ஷிமான்ஸ்கியைத் தெரிந்து, திட்டமிட்டு, கொன்றேன். இந்த வரியின் கீழே தனியாக இன்னொரு கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

அவர்மேல் எனக்கு வன்மம் இல்லை. அவருக்கும் என்மேல் இருந்திருக்காது. நம்பிக்கை இல்லையென்றால் முப்பத்தெட்டாவது நிமிடத்துக்குப் போங்கள், விழுந்த பிறகு வரும் இடம். சத்தத்தை நன்றாகக் கூட்டிக்கொள்ளுங்கள். "டெல்பர்ட்" என்கிறார். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, "டெல்பர்ட்." பிறகு ஃபேனைப் பற்றி ஏதோ வருகிறது, அது முக்கியமில்லை. உங்கள் கோர்ட்டில் நாடாவைப் போடும்போது மாண்ட்ரியலிலிருந்து அவனையும் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதல் பக்கம் முழுக்கக் கேட்கட்டும். வெர்னா ஒரு இடத்தில்கூட லூக் என்று சொல்லவில்லை.