பத்து மீட்டர் தள்ளி ஒரு சாக்பீஸ் கோடு

முகப்பு விளக்கு சாலையைத்தான் பார்க்க வேண்டும். எதிரே வருகிறவன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது, சார்ஜென்ட்.

கிளைட் வண்டியோடு காளைமேல் மோதியதைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள்? சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் குடியுங்கள்.

முப்பத்தோரு வருடமாக இந்த ஊரில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சுவரில் சாக்பீஸ் கோடு போட்டிருக்கிறேன். பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துவேன். வெளிச்சம் கோட்டைத் தாண்டினால் திருகாணியைத் திருகி இறக்குவேன். இந்த இரண்டு வருடமாகத்தான் ஊருக்கே புத்தி கெட்டுவிட்டது. பொழுது சாய்ந்தால் போதும், எதிரே வரும் விளக்கெல்லாம் பூசணிக்காய் போல உப்பிக்கொண்டு வருகிறது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும். எதிரே வண்டி வந்தால் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவன் மனிதனே இல்லை. வருவது யாரென்றே தெரியாமல் யாருக்கு விரலைத் தூக்குவது? நான் விரலைத் தூக்காததைக் கிளைட் பப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"என்னடா ஆல்பி, பெரிய மனுஷன் ஆயிட்டியா? விரலைத் தூக்கினா கை வலிக்குதோ?"

"உன் லைட்டை முதல்ல இறக்குடா. கண்ணு அவிஞ்சு போகுது."

"என் லைட்டு சரியாத்தான் இருக்கு. மின்மினிப்பூச்சி எதிர்ல வந்தாக்கூட பிரேக் போடுற ஆளு நீ!"

பப்பே சிரித்தது. பீர் ஊற்றுகிற டோரீன்கூடச் சிரித்தாள். எனக்கு ஒன்றும் கோபமில்லை. கிளாஸைக் காலி செய்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் பிரேக் பார்க்கச் சொல்லித் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். அளந்து பார்த்தேன். வெளிச்சம் கோட்டின்மேல் கச்சிதமாக நின்றது. அப்போதுதான் அவன் தந்திரம் புரிந்தது. பின்னால் சுமை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் ஏறும். ஆகவே பதினாறு மூட்டை ஆட்டுத்தீவனத்தை ஏற்றினேன். கோட்டுக்கு வரும்வரை விளக்கை இறக்கினேன். பிறகு மூட்டைகளையும் இறக்கிவிட்டேன். மூக்கு தாழ்ந்தது. வெளிச்சம் பதினைந்து மீட்டர்கூடப் போகவில்லை. ஆனால் அளந்த நேரத்தில் அளவு சரி. வேண்டுமானால் கோட்டை வந்து பாருங்கள்.

அவன் பகலில் வந்து எடுத்துப்போனான். அன்று மாலையே காலி வண்டியில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டான். காளை பதினாறாவது மீட்டரில் நின்றிருக்க வேண்டும். கறுப்புக் காளை வேறு, பாவம்.

ஆம்புலன்ஸ் ஏன் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தது என்று கேட்டீர்கள். சாலையே தெரியவில்லை என்று டிரைவர் கெயில் சொல்லியிருப்பாள். மார்ச்சில் சர்வீசுக்கு வந்தபோது அதையும் இறக்கிவிட்டிருந்தேன். தபால் வண்டி, பள்ளிப் பேருந்து, எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டு வண்டி. உங்கள் ஜீப்பும் அதில் உண்டு. பொழுது சாய்கிறது, பார்த்துப் போங்கள்.

ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் கிளைடின் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. நாற்பது வருடச் சினேகிதன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டேய் ஆல்பி, நான் இங்க இருக்கேன்டா. அந்த மனுஷனுக்குக் குடல்வால் ஆபரேஷன், அவரைத் தூங்க விடு."

அவன்தான் நர்ஸைக் கூப்பிட்டு, என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னான். ஒரு கால் போயும் அவனுக்குக் கிண்டல் போகவில்லை.

டாக்டர் பெண்மணி நல்லவர்தான். கண்ணுக்கு நேரே விளக்கை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சே! எத்தனை வருஷமா இப்படியே வண்டி ஓட்டுறீங்க?"

நான் வாதாடவில்லை. படித்தவர்களிடம் வாதாடக் கூடாது. காகிதம் எடுக்க அவர் வெளியே போனார். திருப்புளி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அந்த விளக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். இனி அவரிடம் போகிற யாருக்கும் கண் கூசாது.