சுத்தியல் சத்தம்

பரளச்சி பஸ்ஸில் என் முன் சீட்டில், புதிதாக மொட்டை போட்டிருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் திடீரென்று சொன்னார்: "அண்ணனை எடுத்தப்புறம் கையோட வந்துருச்சுப்பா."

"எது?"

"கார் சக்கரத்து ஹப்பு. துருப்பிடிச்சு, கழட்ட முடியாம இறுகிப்போச்சு. நம்ம கார்லயே அண்ணனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு முந்தாநாளு பூராம் சுத்தியல வச்சு அடிச்சேன். அசையல. சாயங்காலம் அவுக போய்ச் சேந்துட்டாக."

"பெறகு?"

"வீட்டுல சாவு கெடக்கையில இடிக்கிற சத்தம் ஆகாதுல்ல. டீசலை ஊத்தி அப்படியே விட்டுட்டேன். சுடுகாட்டுலருந்து வந்து தொட்டேன், கழண்டுருச்சு."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"அண்ணன் கட்டில்ல கெடந்துக்கிட்டே சொன்னாக, 'ஏலே, அடிக்காத, டீசலை ஊத்தி ஊறவிடு'ன்னு. ஊறவிட ஏதுண்ணே நேரம்னுட்டு நான்தான் அவுக பேச்சைக் கேக்கல. கடைசி வரைக்கும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாக."