ராசா குளறுற இடம்

இல்லைத் தம்பி, தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம். வேலை முடிஞ்சு நேரை வாறன். வீட்டை அம்மருட்டுக்குப் போகாமல் தொய்யன் ஸ்டேசன்லை ரெயின் மாறி இஞ்சை ட்வெய்ட்டாவுக்கு உம்மட்டை வந்தனான். சின்ன விசயம்தான். சனிக்கிழமை அந்தக் காட்டூன் படம் போடுறியளெல்லே, அதிலை கடல் ராசா சாகேக்கை கத்திக் குளறுற ஒரு சத்தம் வருது. அதை எடுத்துவிடும் ரிஷி. ராசா சாகட்டும், நான் வேண்டாமெண்டேல்லை. சத்தமில்லாமல் சாகட்டும்.

ஏனோ? சின்னப் பிள்ளையள் பாக்கிற படம், பயந்துபோகுங்கள். சிரியும், சிரியும். மூண்டு தலைப் பாம்பு ஊரையே விழுங்குது, அதுக்குப் பயப்பிடாததுகள் இதுக்கோ பயப்பிடப் போகுதுகள் எண்டு கேக்கிறீர். நியாயம்தான்.

நீர் சத்தவேலை பாக்க வந்தது பேந்துதானே, உமக்குத் தொடக்கம் தெரியாது. ராகவி இந்தக் கதையை எழுதிப் படம் கீறத் தொடங்கேக்கை, ராசாவுக்குக் குரல் தேடி ஒஸ்லோவிலை ஆரைத்தான் விட்டவள்? கலியாணவீட்டிலை மைக் பிடிக்கிற அருளானந்தன் வந்தார். கடலுக்கடியிலை இருக்கிற ராசா, பந்திக்கு வாங்கோ எண்டு கூப்பிடுற மாதிரிக் கதைச்சார். கோயில்லை தேவாரம் படிக்கிறவர் வந்து ஆமையைக் கூப்பிடேக்கையும் இழுத்துப் பாடிப்போட்டார். இஞ்சை பிறந்த பெடியளுக்குக் குரல் இருந்துது, ஆனால் போருக்குக் கூப்பிடேக்கையும் மன்னிப்புக் கேக்கிற மாதிரிக் கதைச்சாங்கள். அந்த விசர்க்கூத்தை நீர் பாத்திருக்கவேணும்.

என்ரை தம்பி சின்னராசா மகள் யாழைக் கூட்டிக்கொண்டு வந்தவன். படத்திலை ராசாவின்ரை மகளுக்குக் குரல் குடுக்க அவளைத்தானே எடுத்தவை. இவன் வாசல்லை நிண்டு, வந்த எல்லாரையும் மாதிரிக் கதைச்சுக் காட்டி நக்கலடிச்சுக் கொண்டு நிண்டவன். ராகவி பிடிச்சுக் கொண்டுபோய் மைக்குக்கு முன்னாலை விட்டிட்டாள். அப்பிடித்தான் அவன் ராசா ஆனவன்.

பேந்து எங்கடை அம்மா செத்தது. புதுக்குடியிருப்பிலை. எனக்கு லீவு தரேல்லை, அவன் போனவன். முப்பத்தொண்டுச் சடங்கை முடிச்சுப்போட்டு வாறன் எண்டவன். முடியிறதுக்கிடையிலை சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். அதோடை அங்கை நிண்டவன்தான்.

ஓம், வேறை ஆளைப் போடுவம் எண்டு அப்பவே ராகவி சொன்னவள்தான். இந்திராதான் விடேல்லை, அவன்ரை மனிசி. அப்பாதான் ராசா எண்டு பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைச்சிருக்குது, என்னெண்டு மாத்திறது எண்டு என்னட்டை வந்து அழுதவள். எனக்கென்ன தெரியும், குரலைப் பிறகு பாப்பம், முதல் படத்தைக் கீறட்டுமன் எண்டு கேட்டனான். அவன் கதைச்சால்தான் வாயைக் கீறலாமாம். முதல் குரலாம், பேந்துதான் வாயாம். பேந்துதானே நீர் வந்து என்ரை வீட்டு ரெலிபோனிலை அந்த றெக்கோடிங் மெசினைப் பூட்டிவிட்டனீர். இந்திரா பகல்லை வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நான் இரவு வேலைக்காறி, பகல்லை நிக்கிறனான். அதாலை என்ரை தலையிலை விழுந்துது.

அவன் அங்கை ரெலிபோன் கடையிலை இருந்து எடுப்பான், அவனிட்டை எழுதின வசனம் ஒண்டும் இல்லை. நான் வாசிக்க வாசிக்க அவன் திருப்பிச் சொல்லுவான். ஆமையும் நான்தான், பாம்பும் நான்தான், யாழின்ரை பங்கும் நான்தான். என்ரை பாம்பைக் கேட்டு அவன் சிரிச்ச சிரிப்பு, நீர் கேட்டிருப்பீர், எல்லாம் அதுக்குள்ளை கிடக்கு. படத்திலை தகப்பனும் மகளும் பக்கத்திலை இருந்து கதைக்கினம். ரெண்டுபேரும் மைக்குக்கு முன்னாலை ஒரு நாளும் சேர்ந்து கதைக்கேல்லை எண்டு ஆரும் நம்பமாட்டினம். அது உம்மடை கெட்டித்தனம், நான் இல்லையெண்ணேல்லை.

கடைசி மாசங்களிலை கடை எங்கை, ரெலிபோன் எங்கை. ஆரோ ஒருத்தர் வைச்சிருந்த சற்றலைற் போனுக்கு வரிசையிலை நிண்டு எடுப்பான். சாப்பிட்டனியோ எண்டு கேட்டால் யாழ் சாப்பிட்டவளோ எண்டு கேப்பான். படம் நாசமாப் போகட்டும், நீ பங்கருக்குள்ளை போய் இரு எண்டு எத்தினை தரம் ஏசினனான். கேட்டாத்தானே. இருந்து என்னக்கா செய்யிறது, அடுத்ததை வாசி எண்ணுவான். நானும் வாசிப்பன். அந்த ராசாவாய்க் கதைக்கிற கொஞ்ச நேரம்தான் அவனுக்கு மூச்சு விடுற நேரம் மாதிரி.

இல்லையில்லை, படம் நல்லாயில்லையெண்டு ஆர் சொன்னது. போன கிழமை எங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டேக்கை அந்த இடத்திலை ராகவி அழுதவள். தமிழ் ஒரு சொல்லும் விளங்காத ஒரு நோர்வேக்காறன் எழும்பி நிண்டு கைதட்டினவன். ஓம், அதுதான் படத்திலையே திறமான இடம். நானும் அதைத்தான் சொல்லுறன். அதுதான் இருக்கக்கூடாது. சத்தத்தைக் குறைச்சுப் போட்டாலும் காணாது. வேணுமெண்டால் அருளானந்தனைக் கூப்பிட்டுக் குளறவிடும், பந்திக்குக் கூப்பிடுற மாதிரிக் குளறினாலும் பறவாயில்லை.

இந்திரா இன்னும் பாக்கேல்லை. அண்டைக்கு அவளுக்கு வேலை. சனிக்கிழமை பிள்ளையையும் கொண்டு முன்வரிசையிலை வந்து குந்துவாள். சண்டை முடிஞ்ச பிறகு அவனைப் பற்றி விசாரிக்கிற இடமெல்லாம் விசாரிச்சாச்சு, முகாமிலை இருந்து வந்த ஆக்களிட்டையும் கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியேல்லை. அவள் விடியக்காத்தாலை எழும்பிப் பொட்டை வைச்சுக்கொண்டுதான் வேலைக்குப் போறாள். அவன் வரேக்கை பனி கொட்டுமெண்டு அவனுக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கி வாசல்லை வைச்சிருக்கிறாள். ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. நானும் சொல்லுறேல்லை. எந்த வாயாலை சொல்லுறது.

சின்னராசா நல்ல கலைஞன், கேக்காமலே சாகிற இடத்தை முன்கூட்டியே செய்து தந்திட்டார் எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீரெல்லே. நான் எழும்பி வந்திட்டன். சாகிற இடத்துக்கு நாங்கள் வாசிச்சு வரேல்லைத் தம்பி. நான் வாசிச்சது, கோட்டைக் கதவைத் திறந்து பிள்ளையளை உள்ளை விடச்சொல்லி ராசா சொல்லுற இடம். திறவுங்கோ எண்டு தொடங்கினவன், முடிக்கேல்லை. பின்னாலை ஒரு இடி. நீர் அதை லைன் கோளாறெண்டு துடைச்சுப்போட்டு அலைச் சத்தம் போட்டிருக்கிறீர். அதுக்குப் பிறகுதான் குளறினவன்.

எழும்பாதையும், இரும். உம்மிலை பிழையில்லை. நீர் வந்து மெசினைக் கழட்டேக்கை அது உள்ளுக்கை கிடந்தது. எனக்கு அழிக்கத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் மனம் வந்திராது. லைன் அறுந்துபோச்செண்டு மட்டும்தான் இந்திராவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். பன்ரெண்டு வருசம் அவனோடை இருந்தவள், நடிப்பு எது, நடிப்பில்லாதது எது எண்டு அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. அதுவும் பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டு.

இப்பவே உம்மடை மெசினைப் போட்டு அதை எடுத்துவிடும், நான் பக்கத்திலை இருக்கிறன். இன்னொண்டு ரிஷி. குளறி முடியேக்கை அக்கா எண்டு ஒருக்காக் கூப்பிட்டவன். படத்திலை அது இல்லை, வெட்டிப்போட்டீர். சரிதான், கடல் ராசாவுக்கு ஏது அக்கா. வெட்டின துண்டை எறிஞ்சுபோட்டீரோ, இல்லாட்டி எங்கையும் வைச்சிருக்கிறீரோ? வைச்சிருந்தால் அதை மட்டும் எனக்குத் தாரும்.