தட்டாமல் ஒலித்த பியானோ

நாளை முதல் நீங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு உட்காரப் போகிறீர்கள். "அங்கே போய் என்ன பேசுவது ஐயா?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். எனக்கும் சரியாகத் தெரியாது... ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் தயாபரன் என்று ஒருவர். வயோலா வாசிப்பார். வயோலா என்றால்... வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் கனத்தது. மனைவி எமிலி இறந்தபின் அவர் அந்த வயோலாப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கூடவே பியானோ வாசிக்கும் ஆசீர் என்ற நண்பர்தான் விடாமல் பேசிப் பேசி, ஒருநாள் ஆலய மண்டபத்துக்கு அழைத்து வந்துவிட்டார். பக்கம் திருப்பிக் கொடுக்க நானும் போயிருந்தேன்.

வாசிக்க எடுத்தது ஒரு சொனாட்டா, மேல்நாட்டு இசையில் பல பகுதிகளாக வரும் ஒரு வகை. இந்த இரண்டு வாத்தியங்களுக்கென்றே போன நூற்றாண்டில் எழுதியது. எழுதியவர் பெயர் என் வாயில் சரியாக வராது, விட்டுவிடுகிறேன். அதன் கடைசிப் பகுதியில் ஒரு விநோதம். வயோலா தனியாக வாசிக்க வேண்டும். பியானோக்காரர் சில கட்டைகளைச் சத்தமே வராமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்!

ஆசீருக்குப் பொறுக்குமா?

"சத்தம் வராத கட்டைய எதுக்குவே அமுக்கணும்? கேக்கிறவன் எனக்கு மறந்துபோச்சுன்னுல்லா நினைப்பான்!"

"எழுதியிருக்கிறதச் செய்யும்வே."

தயாபரன் தொடங்கினார். ஆசீர் நடுவில் ஒரு சுரம் தட்டிவிட்டார். தயாபரன் நிறுத்தி, மறுபடி தொடங்கினார். ஆசீர் மறுபடியும் தட்டினார்!

"நீரு தனியாத் திணறுறாப்ல இருந்துச்சு... அதான் சும்மா ஒரு துணைக்கு."

தயாபரன் வில்லைக் கீழே வைத்தார். "எமிலி போன அன்னையிலருந்து நீரு இப்படித்தாம்வே தட்டிக்கிட்டே இருக்கீரு. 'எல்லாம் சரியாப் போவும், எல்லாம் சரியாப் போவும்'னு. என்னய ஒருநாளாவது அழ விட்டீரா?" வயோலாவைப் பெட்டிக்குள் வைத்தார்.

அன்றைக்கு அவர் மூடியிருந்தால்... அந்தப் பெட்டி மறுபடி திறந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஆசீர் குனிந்து, கட்டைகளை மெள்ள... மெள்ள அழுத்தினார். பியானோவுக்குள் ஒவ்வொரு தந்தியையும் ஒரு கம்பளித் துண்டு அமுக்கி வைத்திருக்கும். இப்படி அழுத்தினால் சுத்தியல் தட்டாது. கம்பளி மட்டும் விலகும். தந்தி சும்மா திறந்து கிடக்கும்.

தயாபரன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வயோலாவை எடுத்தார். வாசித்தார். அந்த வரி முடிந்தது, வில் தந்தியை விட்டு விலகியது. ஆனால்... சத்தம் நிற்கவில்லை! பியானோ ஒலிக்கிறது! யார் தட்டியது? ஒருவரும் தட்டவில்லை. வயோலா அழுததை அந்தத் தந்திகள் தாமாகவே வாங்கி, அதே சுரத்தில், மூச்சு மாதிரி மெல்லிசாக... எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

தயாபரன் முகம் நனைந்திருந்தது. "ஆசீரு... கைய எடுத்துராதேயும்வே" என்றார். கடைசிவரை வாசித்து முடித்தார்.

இப்போது சொல்லுங்கள்... கட்டிலருகே உட்கார்ந்து என்ன பேசுவது? நம் மனதை எது அமுக்கிக்கொண்டிருக்கிறது? நாம் தயாராக எடுத்துப் போகும் ஆறுதல்தான், அறிவுரைதான். அதைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். அவர்கள் வலி உங்களுக்குள் தானாகவே கேட்கும். அது கேட்டுவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். பேச ஒன்றுமே தோன்றவில்லையா? நல்லது... எழுந்து வந்துவிடாதீர்கள்.